குவைத் நேரத்துக் குரல்

ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் கிடக்கும்போதே பூவலிங்கம் குவைத்திலிருந்து செவல்குளத்துக்குத் திரும்பி வந்தான். அவன் வந்தான், அவன் பெட்டி வந்தது, பெட்டிக்குள் பால்பவுடர் டின்னும் தலைவலித் தைலமும் புலி படம் போட்ட போர்வையும் வந்தன, குரல் மட்டும் அந்த ஊர்க் கடிகாரத்தை விட்டுக் கிளம்ப மனமில்லாமல் இரண்டரை மணி நேரம் பிந்தி வந்தது.

முதலில் இது தெரியாமல் போனதற்கு அவன் அப்பா வில்லாயுதம்தான் காரணம். வில்லாயுதம் செவல்குளம் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தோரு வருசம் டைம் கீப்பராக நின்றவர். நின்றவர் என்றால் நின்றவர்தான், உட்காரவில்லை. ஒரு வண்டி அரை நிமிசம் கூடுதலாக நின்றாலும் டிரைவரின் பாட்டன் வரைக்கும் விசாரித்துவிடுவார். தன் கல்யாணத்தில் மந்திரம் நீண்டுகொண்டே போகிறதென்று கெட்டிமேளத்துக்கு முன்பே தாலியை எடுத்துக் கட்டியவர். அப்படிப்பட்ட மனுசன் காலை ஏழு மணிக்கு வாசலில் வந்து நின்ற மகனைப் பார்த்து, வா என்று சொல்லாமல், "என்னடா, ரெண்டு வருசம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனே. ஏன்டா பாதியில வந்தே?" என்று கேட்டார். அடிபம்பு ஓரமாக நின்றிருந்த பூவலிங்கத்தின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. வில்லாயுதம் ஒன்பது எண்ணும் வரைக்கும் பொறுத்தார். அவர் கணக்கில் அது ரொம்ப நேரம்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

ஒன்பதரைக்கு, பூவலிங்கம் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருக்க, அவன் பெண்டாட்டி நாகசெல்வி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருக்க, அடிபம்பு ஓரத்திலிருந்து, ஆள் உயரத்தில், வெறும் காற்றிலிருந்து, "அப்பா" என்று பூவலிங்கத்தின் குரல் கூப்பிட்டது. கூப்பிட்டதோடு நிற்கவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தது. நாகசெல்வி தவிட்டுக் கையோடு அப்படியே நின்று முழுக்கக் கேட்டாள், உள்ளே போய்ப் புருசன் தூங்குகிறானா என்று பார்த்தாள், மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள், வந்தது, திரும்பி வந்து மிச்சத் தவிட்டையும் பிசைந்தாள். மாமனார் வந்ததும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்ன பேச்சு அது. இடையில் தான் எப்படி எடுத்துக் கொடுப்பது என்று நினைத்தாள். ஊர் பிறகு போட்டுக்கொண்ட வழக்கத்தை அவள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

ஊர் இதை அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, மூன்று மணிக்கு யாராவது இங்கே உட்கார்ந்து இவர் சொன்னதைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் மாத்திரை தருகிறேன் என்றார். எட்டு வருசம் குவைத்தில் பிளம்பராக இருந்துவிட்டு வந்து டீக்கடை போட்ட மைதீன்தான் விசயத்தைப் பிடித்தார். "இங்க ஒம்போதரைன்னா அங்க ஏழு. பய ஏழு மணிப் பேச்சை ஏழு மணிக்குத்தான் பேசுறான். முந்தி நிக்கிறது நாமதான். கையெழுத்துப் போட்ட மாசமெல்லாம் கழியட்டும், அது வரைக்கும் குரல் அங்க டூட்டி பார்த்துட்டுத்தான் வரும்" என்றார். கேட்டவர்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அதற்குப் பிறகு ஊர் தன் நடப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டது. பூவலிங்கம் விடிகாலை ஐந்துக்கு மைதீன் கடையில் விரலைக் காட்டி ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போவான். ஏழரைக்கு, "பாய், சக்கரை கம்மியா ஒண்ணு" என்று குரல் வந்து கேட்கும். கேட்டபிறகு ஊற்றாமல் இருந்தால் கடைக்கு ஆகாது என்று மைதீன் இன்னொரு டீயை ஊற்றி அந்த இடத்தில் வைப்பார். அந்த டீக்காகவே ஏழு இருபதுக்கு நாலு பேர் அங்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒரு நாள் பூவலிங்கம் கீழத்தெருவில் ஒரு சாவுக்குப் போய் பத்து மணிக்கு வாயில் துண்டை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுவிட்டு வந்தான். பன்னிரண்டரைக்கு, பிணத்தைக் கொண்டுபோய் வீட்டைக் கழுவிவிட்டு, பெண்கள் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த நேரத்தில் அழுகை வந்து சேர்ந்தது. அரிவாள்மனையைச் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் இன்னொரு தடவை உட்கார்ந்து அழுதார்கள். அவன் விரட்டிய நாய் விரட்டியபோது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், இரண்டரை மணி நேரம் கழித்து ஆளில்லாத இடத்தில் 'ச்சீ போ' கேட்டு ஓடும். கொஞ்ச நாளில் அது எதையும் நம்பாத நாயாகிவிட்டது.

ஒருத்தருக்குச் சொன்ன பேச்சை இன்னொருத்தர் நின்று கேட்பது அசிங்கம் என்று ஊர் முடிவு கட்டியது. அதற்காகப் பெண்கள் ஒரு வழி செய்தார்கள். பூவலிங்கம் யாரிடமாவது பேசிவிட்டு நகர்ந்தால், அவன் நின்ற இடத்தைச் சுற்றிக் கோலமாவில் ஒரு வட்டம் இழுத்து, உள்ளே யாருக்கு என்று பேரும், எத்தனை மணிக்கு என்று நேரமும் எழுதினார்கள். பேர்க்காரர் நேரத்துக்கு வந்து வட்டத்துக்குள் நின்று தன் பேச்சைக் கேட்டுக்கொண்டு காலால் மாவை அழித்துவிட்டுப் போவார். மற்றவர்கள் அந்த நேரத்தில் மோட்டார் போடுவார்கள், மிக்ஸியை ஓட்டுவார்கள், ஒன்றுமில்லாவிட்டால் சும்மா இருமுவார்கள். சாயங்காலம் ஆறரைக்கு நாகசெல்வியோடு உட்கார்ந்து அவன் பேசி முடிப்பான். இருவரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பேசியதை ஒன்பது மணிக்குக் கேட்பார்கள். தான் சொன்னதைக் கேட்டு அவனே சில சமயம் ஆமாம் என்று தலையாட்டுவான்.

வில்லாயுதத்தின் பேர் எழுதிய வட்டங்கள்தான் அழியாமல் கிடந்தன. அடிபம்பு ஓரம் ஒன்று, முருங்கை மரத்தடியில் ஒன்று, அவர் நாற்காலிக்கு எதிரே மூன்று. அவர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்தார். கேட்டால் பதில் சொல்ல வேண்டியது மகன் வேலை, வந்து வாங்கிக்கொண்டு போக நான் என்ன ரேசன் கடை வரிசையிலா நிற்கிறேன் என்றார். முதல் வாரத்தில் பூவலிங்கம் ஒரு நோட்டு வாங்கி எழுதிக் காட்டிப் பார்த்தான். "ஊமைன்னு பேர் வாங்கவா உன்னைப் பெத்தேன்? வாய் இருக்குல்ல?" என்று நோட்டைப் பிடுங்கி வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். அதற்குமேல் அவருக்கு அவன் எழுதவில்லை.

பன்னிரண்டாவது நாள் காலை பதினோரு மணிக்கு, குவைத்துக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் ஜெபமணி, கையில் ஒரு சந்தன மாலையோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஐயா, வில்லாயுதம் வீடு இதுதானுங்களா?"

"ஆமா."

"ரொம்ப வருத்தமா இருந்துச்சுங்க. எப்படி ஆச்சு?"

"எது?"

"அதாங்க… பெரியவர்."

"எந்தப் பெரியவர்?"

"பூவலிங்கத்தோட அப்பா. தவறிட்டாருன்னு…"

"நான்தான்யா அந்தப் பெரியவன்."

ஜெபமணி அவரை மேலிருந்து கீழே பார்த்தார். மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்ப நீங்க இன்னும்…"

"இன்னும்தான். சொல்ல வந்ததைச் சொல்லு."

விசயம் அப்படித்தான் வெளியே வந்தது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகிறேன் என்று கேட்டால் கம்பெனி பாஸ்போர்ட்டைத் தராது; அப்பா செத்துப்போனார் என்று எழுதிக் கொடுத்தால் முப்பது நாள் அவசர லீவு தரும்; அங்கே வேலை பார்க்கிற பாதிப் பேர் அப்படித்தான் எழுதிக் கொடுத்து வருகிறார்கள், பூவலிங்கமும் எழுதிக் கொடுத்தான். முப்பது நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் விசாவை ரத்து செய்து, ஓடிப்போனவன் என்று பதிந்துவிடுவார்கள், பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

"அப்படி என்ன வேலை அங்க?"

"எலக்ட்ரீசியன்னுதான் எழுதி அனுப்பினோம். போன இடத்துல காவலுக்குப் போட்டுட்டாங்க. பாலைவனத்துல பெரிய பெரிய குழாயா அடுக்கி வச்சிருக்காங்க. அதைப் பார்த்துக்கணும்."

"பார்த்துக்கிட்டு?"

"பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"நின்னா, உக்காந்தா?"

"உக்காந்துதான். நாற்காலி உண்டு."

வில்லாயுதத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முப்பத்தோரு வருசம் வெயிலில் நின்ற கால் அவருடையது. பின்கட்டிலிருந்து வந்த பூவலிங்கத்தைப் பார்த்து, "என்னைக் கொன்னு போட்டுட்டா வந்தே? நாற்காலியில உக்கார உனக்கு முதுகு வலிச்சுதோ?" என்று கத்தினார். பூவலிங்கம் பேசினான். கையை விரித்து, குனிந்து எதற்குள்ளோ தலையை விடுவதுபோலக் காட்டி, நிமிர்ந்து, அஞ்சு நிமிசத்துக்குக் குறையாமல் பேசினான். கேட்காவிட்டாலும் ஜெபமணி மரியாதைக்குத் தலையை ஆட்டினார். வில்லாயுதம் ஒன்பது எண்ணிவிட்டுத் துண்டை உதறினார்.

நாகசெல்வி வட்டம் இழுத்து, 'மாமா, ஒண்ணரை' என்று எழுதினாள். ஒண்ணரைக்கு அவள் கிரைண்டரைப் போட்டுக்கொண்டாள். வெளியூர்க்காரரான ஜெபமணிக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. சாப்பிட்ட கையோடு வட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து, மாலையை மறந்துவிட்டு, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

வில்லாயுதத்துக்கு அன்றிலிருந்து தலை ஒரு நிலையில் இல்லை. டீக்கடைக்குப் போனால், "தவறின பெரியவர் வர்றாரு, நாற்காலியைத் துடைங்கப்பா" என்று மைதீன் ஆரம்பிப்பார். சீட்டுக்கு உட்கார்ந்தால், "செத்தவருக்குச் சீட்டுப் போடலாமா? ஜெயிச்சா யாருகிட்ட குடுக்கிறது?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பு அவருக்கு வலிக்கவில்லை. வேறொன்று குடைந்தது. அங்கே இருக்கிறவர்கள் துக்கம் விசாரித்தபோது என்ன முகத்தை வைத்துக்கொண்டிருப்பான்? அந்த ஊரில் தான் செத்தவன், இந்த ஊரில் இருக்கிறவன். மகன் இந்த ஊரில் இருக்கிறவன், அவன் குரல் அந்த ஊரில் இருக்கிறது. அப்படியானால் அவன் பேசுவது இருக்கிற தன்னிடமா செத்துப்போன தன்னிடமா? வண்டி எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனுசனுக்கு இந்த ஒன்று பிடிபடவில்லை. முதல் தடவையாக அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் மண்டபம் வண்டியைச் சாயல்குடி வண்டி என்று சொல்லி, ஒரு கிழவியை மாற்றி ஏற்றிவிட்டார்.

"மாமா, ஒரு நாளாச்சும் வட்டத்துக்குள்ள நின்னு கேளுங்க" என்றாள் நாகசெல்வி.

"கேட்டு? ஸ்டாண்டை விட்டு எடுத்த வண்டி மதுரை போய்ச் சேரணும். பாதி வழியில டிரைவர் எறங்கி வீட்டுக்குப் போறதா?"

"டிரைவருக்கு நெஞ்சு வலிச்சா?"

"வலிச்சா ஓரமா நிப்பாட்டிட்டு…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "உனக்கென்ன தெரியும், போ" என்றார்.

அவருக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். மைதீன் சொன்னதும் அதுதான்: மிச்ச மாதத்தைக் கழித்துவிட்டால் குரல் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இருபத்தேழாவது நாள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சொன்னார்: "நாளைக்குக் காலையில ஆறேகால் வண்டி. திருச்சியில சாயங்காலம் பிளேன். போய் முடிச்சிட்டு வா." பூவலிங்கம் வாயைத் திறந்தான், மூடினான், சாப்பிட்டான். நாகசெல்வி எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

மறுநாள் ஆறேகாலுக்குப் பஸ் ஸ்டாண்டில் பாதி ஊர் நின்றது. பூவலிங்கம் பெட்டியை மேலே போட்டுவிட்டு, ஏறி, அப்பா நிற்கிற பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துப் பேசினான். பேசிவிட்டு நிறுத்தினான். நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவரும் ஊர்க்காரன்தான், விசயம் தெரிந்தவன், கியர் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வில்லாயுதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பதினேழு. முப்பத்தோரு வருசப் பழக்கம் அவர் கையைத் தூக்கியது.

"என்னத்தைப் பார்க்கிறே? ரெண்டு நிமிசம் லேட்டு. ரைட், போ!" என்று வண்டியின் தகரத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

பூவலிங்கத்தின் வாய் இன்னொரு தடவை அசைந்தது. சின்ன அசைவு. வண்டி போய்விட்டது.

நாகசெல்வி அழவில்லை. "எட்டு நாப்பத்தேழு மாமா" என்றாள். "அது உங்களுக்குச் சொன்னது. நான் இருந்து கேட்க மாட்டேன். ஊர்ல ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. இந்த ஒண்ணையும் தாண்டிட்டு வீட்டுக்கு வந்தீங்கன்னா, சோறு போடுவேன், பேச மாட்டேன்." சொல்லிவிட்டு நடந்துவிட்டாள்.

வில்லாயுதம் உட்கார்ந்தார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இப்போது டைம் கீப்பராக இருக்கிற சிவனாண்டி பதறி எழுந்து நின்றுகொண்டான். ஏழு மணி வண்டி வந்தது, போனது, ஏழு இருபது வந்தது, மீன் கூடைகளை இறக்கிவிட்டுப் போனது, ஏழே முக்கால் வராமலே இருந்தது, அவர் அதைக்கூடக் கேட்கவில்லை, நாலு தடவை எழுந்தார், நாலு தடவை உட்கார்ந்தார், ஒன்பது எண்ணினார், மறுபடி ஒன்பது எண்ணினார், ஒன்பதுக்கு மேல் ஒரு எண் இருப்பதே மறந்துபோனவர்போல ஒன்றிலிருந்தே ஆரம்பித்துக்கொண்டிருந்தார்.

எட்டு நாற்பத்தேழுக்கு அந்த இடத்தில் மண்டபம் வண்டி நின்றது. மகன் உட்கார்ந்திருந்த ஜன்னலின் உயரத்திலேயே ஒரு பெண் வடை தின்றுகொண்டிருந்தாள். அவள் காதோரமாகக் குரல் வந்தது. அவள் வடையோடு உள்ளே நகர்ந்துகொண்டு, "பெரியவரே, உங்களுக்குத்தான் போல" என்றாள்.

"அப்பா," என்றது குரல். "பதினாலு மாசம் குழாயைத் தவிர ஒரு நாதியும் இல்ல. தண்ணி வண்டிக்காரன் வாரத்துக்கு ஒருக்கா வருவான், அவன் பாஷை எனக்குத் தெரியாது. குழாய்க்குள்ள தலையை விட்டு நானே பேசுவேன், திரும்பி வரும், அதைக் கேட்டுக்குவேன். ஒரு நாள் அது கொஞ்சம் லேட்டா வந்துச்சு. மறுநாள் இன்னும் லேட்டு. ஒரு நாள் பேசிட்டுச் சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன், வரவே இல்ல. பயந்துட்டேன்பா. அதான் வந்துட்டேன். உங்களைச் செத்துட்டீங்கன்னு எழுதினேன், வேற என்ன சொன்னாலும் விட மாட்டேன்னாங்க. எழுதிட்டு அன்னைக்குச் சாப்பிடல. இப்ப திரும்பப் போனா மொத்தமும் அங்கேயே நின்னுரும், எனக்குத் தெரியுது. ஒரே ஒரு தடவை எறங்குடான்னு சொல்லுங்க. இந்தா, எறங்கிடுறேன்."

குரல் நின்றது. நின்று அவருக்காகக் காத்திருந்தது. காலையில் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம், அப்படியே, காலியாக, அவர் முன்னால் வந்து நின்றது.

"எறங்குடா," என்றார் வில்லாயுதம். "எறங்குடா பூவு."

"சரிப்பா," என்றது குரல்.

"பாருங்க, சரிங்கிறாரு!" என்று வடைக்காரப் பெண் கையைத் தட்டினாள். சிவனாண்டியும் சிரித்துவிட்டான். வில்லாயுதம் சிரிக்கவில்லை. அந்தச் சரி எதற்குச் சொன்ன சரி என்று அவருக்குத் தெரியும். தகரத்தில் தட்டிய கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் ஒரு நொடி, இப்போது சொன்னதற்குத்தானோ என்று அவருக்கே குழம்பியது.

"சிவனாண்டி, போனைப் போடு அவனுக்கு."

சிவனாண்டி போட்டுக் கொடுத்தான். மணி அடித்து எடுத்தது. வண்டியின் இரைச்சல் கேட்டது, யாரோ சில்லறை கேட்பது கேட்டது, காற்று கேட்டது.

"டேய், எறங்கு. எந்த ஊரா இருந்தாலும் எறங்கு. பெட்டி போனாப் போகுது. செத்தவன் சொல்றேன், எறங்கி வீட்டுக்கு வா."

இரைச்சல். காற்று. அதற்குள் மகனும் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

"அண்ணே," என்றான் சிவனாண்டி, "கட் பண்ணிறாதீங்க. எங்க சித்தப்பாட்ட ஒரு நாள் அவன் போன்ல பேசினான். அவரு பாதியில வச்சிட்டாரு. பேச்சு எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

வில்லாயுதம் போனைக் காதிலிருந்து எடுக்காமல் திரும்பினார்.

"மணி என்ன?"

"எட்டு அம்பத்தி ரெண்டு."

"சார்ஜ் எம்புட்டு இருக்கு?"

"பாதி."

"ஒயரைக் கொண்டா." கொண்டுவந்து சொருகினான். அவர் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணிச் சாயல்குடி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வளைந்து உள்ளே வந்தது. அவர் இன்னொரு கையைத் தூக்கி அதை வாசலிலேயே நிறுத்தினார்.

"பதினொண்ணு இருபத்தி ரெண்டுக்கு இங்க ஒரு பேச்சு இருக்கு," என்றார். "அது வரைக்கும் எல்லாத்தையும் வெளியே நிறுத்திக்கங்கடா. லேட்டானா ஆகட்டும்."